கைடு பார்க்காத கல்

போன மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது துறைத் தலைவராக இருப்பவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்தான். "மேடம், பி.ஜி. பசங்களுக்கு ப்ராஜெக்ட்ட எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஒரு தியரி பேப்பர் வெச்சிடலாம்னு பேசிக்கினு இருக்கோம். உங்க கருத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார். ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். பாதிப் பேர் நெட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள், மீதிப் பேர் ஏதோ ஆப்பில் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள், கைடுகளுக்கும் நேரமில்லை, ஒரே பேஜாரு என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கூடாது என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஏன் கூடாது என்று யோசித்துப் பார்த்தால் காரணங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு கல்லும் ஒரு மாமியாரும்தான் நினைவுக்கு வந்தார்கள். அதனால் கருத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்துக்காரி. திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் இடைக்கால வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். வேலை நாட்களில் பாதியை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பேருந்தில்தான் கழித்தேன் என்றுகூடச் சொல்லலாம். படித்தது, ஆய்வுப் பட்டம் வாங்கியது, கல்வெட்டுப் படிக்கப் பழகியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோல்தான் நடந்தது. அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. உண்மையான படிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு, துறைத் தலைவர் தணிகாசலம் சாரிடம்தான் தொடங்கியது.

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் தனக்கென்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, தானே தேடித் திரிந்து, ஒரு சிறு ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் பக்கத்துக்கு இது தோதான ஏற்பாடு. ஏரிக்கரையிலும் தண்ணீர் திறந்துவிடும் தூம்பிலும் குன்றிலும் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கிறது. கைடு வாரம் ஒருமுறை பார்ப்பார், திருத்துவார், கடைசியில் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே துறைத் தலைவர் போடுவார். பிறகு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வைவா என்ற நேர்முகத் தேர்வு நடத்துவார்.

சார் ஆய்வேட்டை முன்பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. நேராக அடிக்குறிப்புக்குப் போவார். மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டே படிப்பார். உடைக்கிற சத்தம் நின்றால் மாணவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். சார் தலையைத் தூக்கி, "பார்த்தியா, படிச்சியா, கேட்டியா?" என்பார். கண்ணால் பார்த்ததையும், அச்சில் படித்ததையும், ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். மூன்றையும் கலந்து எழுதினால் திட்டமாட்டார். ஆய்வேட்டை அப்படியே மூடி, "நல்லா இருக்குது, கதையா போட்டுடு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஒருமுறை என்னைக் கைடாகக் கொண்ட ஒரு பையன் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குன்று ஒன்றைப் பற்றி அழகாக எழுதி வந்தான். படிக்கட்டில் நின்று பார்த்தால் வயல்கள் பச்சைப் பசேலென்று தெரியும் என்று ஒரு வரி. மல்லாட்டைச் சத்தம் நின்றது. "எந்தப் படிக்கட்டு?" என்றார் சார். அந்தக் குன்றில் படிக்கட்டே கிடையாது. பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பையன் வேறு ஏதோ குன்றின் படத்தைப் போனில் பார்த்து எழுதியிருந்தான். மறுவாரம் அவனையும் என்னையும் அந்தக் குன்றுக்கே அனுப்பினார். அடிவாரத்தில் நயினார் என்கிற சமணர் வீடு ஒன்றில் எங்களுக்குச் சாப்பாடு; அங்கே பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள். அந்த வீட்டு அம்மா கீழே நின்று, "வெளிச்சம் போறதுக்குள்ள எறங்குங்கம்மா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் கல்வெட்டைத் தாளில் படியெடுக்கிற வேலை அன்று வேகமாக முடிந்தது.

அன்றிலிருந்து சார் ஒரு சட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். மாணவர் ஆதாரமாகக் காட்டும் கல்லைக் கைடும் நேரில் பார்த்திருக்க வேண்டும். "கைடு பார்க்காத கல்லுக்கு இங்க கையெழுத்து இல்லம்மா" என்றார். முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. வெயிலில் அலைவது நாங்கள்தானே.

கல்வெட்டைப் படியெடுப்பது பார்க்கச் சாதாரண வேலைதான். கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் கழுவ வேண்டும். கம்பித் தூரிகை ஆகாது. நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும் வரை தட்ட வேண்டும். பிறகு மைப் பொதியால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். தாள் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும், அசந்தால் ஒட்டிக்கொள்ளும். படியெடுக்க முடியாத இடத்தில் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் அடிப்போம். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

இவ்வளவும் சொன்னது சுகந்தியின் கதைக்காக.

சுகந்தி திருமணமாகி, கையில் குழந்தையோடு முதுகலைக்குச் சேர்ந்தவள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் அவள் வாழ்க்கைப்பட்ட இடம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவள் கல்லூரிக்கு வரும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் மாமியார் பச்சையம்மாள். அவர் போதும் என்று ஒரு சொல் சொன்னால் படிப்பு அன்றோடு சரி. இதை முதல் நாளே சுகந்தி என்னிடம் சொல்லிவிட்டாள்.

நான்தான் அவளுக்குக் கைடு. அவள் எடுத்த தலைப்பு ஏரிகளைப் பற்றியது. இடைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தால் யார் அடைத்தார்கள், அதற்கு ஊர் என்ன ஏற்பாடு செய்தது என்று பார்க்க ஆசைப்பட்டாள். பக்கத்து ஊர்க் கற்கள் ஏற்கெனவே அச்சில் வந்தவை. புதிதாக ஒன்று வேண்டும். அது அவள் புகுந்த வீட்டுச் சாமியாகவே இருந்தது.

அவள் ஊர் ஏரிக்கரையில் நட்டுவைத்த ஒரு பலகைக் கல் உண்டு. ஊர் அதைக் கரைகாத்தாள் என்று கும்பிடுகிறது. கரை உடைந்த ஒரு மழைக்காலத்தில் பச்சையம்மாள் வீட்டு முன்னோரான பெண் ஒருத்தி உடைப்பில் தானே இறங்கி நின்று ஏரியைக் காத்தாள், அவள்தான் இந்தக் கல் என்பது கதை. கல்லுக்குச் சிவப்புச் சேலை கட்டி, வளையல் போட்டு, மஞ்சளும் எண்ணெயும் பூசுவார்கள். பூசும் உரிமை பச்சையம்மாள் வீட்டுக்கு மட்டுமே. பங்காளி வீட்டார் அந்த உரிமைமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார்கள். ஆண்டு முழுக்கப் பூசிய மஞ்சள் அடையாகிவிடும். பங்குனியில் ஏரித் தண்ணீர் இறங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பக்கமும் சேலையால் திரை கட்டி, சேலையைக் களைந்து, வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கல்லைக் குளிப்பாட்டுவார்கள். திரைக்குள் அந்த வீட்டு மருமகள்கள் மட்டும் போகலாம். ஆண்கள் கரைக்கே வரக்கூடாது.

முதலாண்டுப் பங்குனியில் சுகந்தி திரைக்குள் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதுதான் வகுப்பில் பழைய எழுத்து படிக்கப் பழகியிருந்தாள். மஞ்சள் கரையக் கரைய எழுத்து மேலே வந்திருக்கிறது.

"சாமியைக் குளிப்பாட்டிக்கினே படிச்சிட்டேன் மேடம்" என்றாள்.

"என்ன போட்டிருக்குது?"

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஏரி உடைந்தபோது அடைக்கப் போய் ஒருவன் மாண்டான், அவன் பிள்ளைகளுக்கு ஊர் உதிரப்பட்டியாக நிலம் விட்டது என்று இருந்ததாம். ஊருக்காக உயிர் விட்டவனின் வாரிசுக்குக் கொடுக்கும் நிலத்துக்கு அந்தக் காலத்தில் உதிரப்பட்டி என்று பெயர். மாண்டவன் ஆண். இன்னாரின் மகன் என்று தகப்பன் பெயரோடு இருந்தது. பெண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"அத்தைகிட்ட சொன்னியா?"

"எப்பிடி மேடம் சொல்லுவேன்? அவங்க சாமியே அதுதான்."

சாரிடம் போனேன். அவர் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஒருத்தி, தன் வூட்டுச் சாமிக் கல்லை, திரைக்குள்ள தனியா பார்த்தேங்கறா. படி இல்ல, போட்டோ இல்ல. இதை எந்தக் கணக்குல சேர்க்கறது? பார்த்ததா, கேட்டதா?"

"அவ பொய் சொல்லமாட்டா சார். இப்பிடிச் சொல்றதுல அவளுக்குத்தான் நஷ்டம்."

"நான் பொய்னு சொல்லலையேம்மா. கண்ணுக்குத் தெரியறது ஒன்னு, மனசு படிக்கறது ஒன்னு. எனக்கே நடந்திருக்குது. அதான் ரெண்டாவது ஆள் வேணுங்கறேன். நீ பார்த்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

நான் அந்த ஊருக்குப் போனேன். பச்சையம்மாள் கேப்பைக் கூழ் கொடுத்து மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். உயரமான, குரல் கணீரென்று இருக்கிற அம்மா. பங்குனியில் ஒருநாள் மட்டும் நானும் திரைக்குள் வரலாமா என்று கேட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றிவிட்டுக் கேட்டார்.

"டீச்சரம்மா, உங்க வூட்ல உங்க அம்மாவைக் குளிக்க வெக்கிறப்ப வேத்து ஆளு வந்து நின்னா ஒத்துக்குவீங்களா?"

கூழைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்து வந்த மாதங்கள் எங்கள் இருவருக்கும் கசப்பானவை. தலைப்பை மாற்றும் தேதி தாண்டிவிட்டது. அச்சில் வந்த கற்களை மட்டும் வைத்து ஒப்பேற்றிவிடு என்று நான் சொன்னேன். சுகந்தி கேட்கவில்லை. "பார்த்ததைப் பார்க்கலன்னு எழுதச் சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கல் இல்லாமல் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை. கல்லைப் பற்றி எழுதினாலோ வீட்டில் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அவள்மேல் எரிச்சல், சார்மேல் எரிச்சல், அந்த மஞ்சள்மேலும் எரிச்சல்.

பங்குனி பிறந்த சில நாளில் சுகந்தி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "மேடம், அத்தை உங்களை வரச் சொல்றாங்க. திரைக்குள்ளயே வரலாமாம். போன், பேப்பர், பேனா எதுவும் கூடாதாம்." ஏன் இந்த மாற்றம் என்று அவளுக்கும் தெரியவில்லை. சாரிடம் ஓடினேன். அவர் யோசித்து, "சரி, வெளிய வந்ததும் ரெண்டு பேரும் எழுத்தைப் பத்திப் பேசிக்காதீங்க. தனித்தனியா உட்கார்ந்து ஞாபகம் இருக்கறதை எழுதுங்க. ஒத்து வர்ற வரி மட்டும் உள்ள போகட்டும். ஒத்து வராத இடத்துல புள்ளி வெச்சிடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். பச்சையம்மாள் எனக்கு ஒரு புடவை கொடுத்து உடுத்தச் சொன்னார். அன்று ஒருநாள் அவர் வீட்டு மருமகள்களில் நானும் ஒருத்தி என்று கற்பூரம் ஏற்றி அம்மனிடம் சொன்னார். எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சுகந்தி அந்த நிலையிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

திரைக்குள் மூன்று பேர்தான். வெந்நீர் ஊற்ற ஊற்ற அடை இளகி விரல்விரலாக உரிந்தது. அவசரப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. பச்சையம்மாள் கல்லோடு பேசிக்கொண்டேதான் தேய்த்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோ, ஆச்சி ஆச்சி" என்று குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் சொல்வதுபோல் சொன்னார். குளித்து முடித்த சாமிக்குக் கண்ணாடி காட்ட வேண்டும். அவர் ஒரு கண்ணாடியை எடுத்துக் கல்லின் முன்னால் ஆட்டினார். திரைக்கு மேலாக விழுந்த வெயில் கண்ணாடியில் பட்டுக் கல்மேல் சாய்வாக ஓடியது. நாங்கள் ஏரிகளில் செய்யும் அதே வேலை. வரி வரியாக எழுத்து எழுந்து நின்றது. நான் மேலிருந்து கீழ்வரை படித்தேன். சுகந்தி சொன்னது அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீயக்காய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பச்சையம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, இவ போன வருஷமே இதைப் படிச்சிட்டா. மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சிக்கினேன். ஒரு வருஷமா எங்கிட்ட வாயைத் திறக்கல. கேட்டாலும் ஒன்னும் இல்ல அத்தைன்றா. அதான் உங்களைக் கூப்ட்டேன். நீங்க சொல்லுங்க. இன்னா எழுதிக்கீது?"

சாருக்கு இரண்டாவது ஆள் வேண்டியிருந்ததுபோல இந்த அம்மாவுக்கும் வேண்டியிருந்திருக்கிறது. நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நானே சொல்றேன் அத்தை. ஏரி உடைஞ்சிச்சி, அடைக்கப் போயி உயிரு போச்சி, அதெல்லாம் நெசம். ஆனா போனது பொம்பள இல்ல. ஒரு ஆம்பளை. அவன் பிள்ளைங்களுக்கு ஊரு நெலம் விட்டுச்சி. நம்ம வூட்டுப் பேரு எதுவும் இல்ல."

பச்சையம்மாள் கல்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இதை எழுதப் போறியா?"

"ஆமா அத்தை."

"பங்காளி வூட்டுக்காரன் படிச்சான்னா?"

"படிக்கட்டும் அத்தை. இல்லாததை என்னால எழுத முடியல. நீங்க வாணாம்னா படிப்பை வுட்டுடறேன். பொய் மட்டும் எழுதச் சொல்லாதீங்க."

இரண்டு ஆண்டு உழைப்பை இப்படி ஒரு வாக்கியத்தில் தூக்கி மாமியார் கையில் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். பச்சையம்மாள் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து, மேலிருந்து கீழாகப் பூசி முடித்தார். எழுத்து மறுபடி மறைந்தது. சேலையைச் சுற்றி வளையலை மாட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எழுது. ஆனா எங்க வூட்டுப் பொம்பளைங்கதான் இத்தினி தலைமுறையா மஞ்சள் பூசிக்கினு வர்றோம்னு அதையும் எழுது."

கரையில் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் எழுதினோம். நிலத்தின் அளவு சொல்லும் வரியில் நான் ஒன்றும் அவள் ஒன்றும் படித்திருந்தோம். அங்கே புள்ளி வைத்தோம். மற்றவை ஒத்து வந்தன. கல்லில் இருப்பதைப் பார்த்தது என்றும், அந்த வீட்டுக் கதையைக் கேட்டது என்றும் சுகந்தி பிரித்து எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். சார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

வீட்டில் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டதாகச் சுகந்தி சொன்னாள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், சோறு எடுத்து வைக்கிறார், பேசுவது மட்டும் இல்லை. வைவா நாளன்று பார்த்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சையம்மாளே கல்லூரிக்கு வந்து நின்றார். யார் கூப்பிட்டும் அறைக்குள் வரவில்லை. வராந்தாவில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

வெளித் தேர்வாளர் விடவில்லை. "படியும் இல்லை, படமும் இல்லை. நான் ஏம்மா இதை நம்பணும்?" என்று கேட்டார்.

"நம்ப வேணாம் சார். அடுத்த பங்குனிக்கு உங்க வூட்டுல யாராவது பழைய எழுத்து படிக்கிற பொம்பளைங்க இருந்தா அனுப்புங்க. எங்க அத்தை ஒத்துக்கினாங்கன்னா அவங்களே பார்க்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரு பார்த்ததுன்னு மட்டும் வெச்சிக்கோங்க" என்றாள் சுகந்தி.

தேர்வாளர் மதிப்பெண்ணைக் கொஞ்சம் கறாராகத்தான் போட்டார். ஆனாலும் பாஸ்.

வராந்தாவுக்கு வந்து சொன்னேன். பச்சையம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். எத்தனையோ வாரம் கழித்து மருமகளிடம் வாய் திறந்து பேசினார்.

"ஜல்தி கிளம்பு. கடைத் தெருவுல துணிக்கடைக்குப் போவணும். நல்ல வேட்டியா ஒன்னு எடுக்கணும்."

"அவருக்கா அத்தை?"

"உம் புருஷனுக்கு இன்னாத்துக்குடி இப்ப வேட்டி? கரையில நிக்கிறானே, அவனுக்கு. ஊருக்காக உசுர வுட்டவனுக்கு இத்தினி காலமா சேலையைக் கட்டி நிக்க வெச்சிருக்கோமே, அவன் இன்னா நெனச்சிருப்பான்!" என்று சொன்னவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.